சைரன் போடாமல் வரச் சொன்ன மாட்டு டாக்டர்

ஜபருல்லா டாக்டர் இன்று காலை தவறிவிட்டார். ஹார்ட் அட்டாக்... அவர் மகன்தான் போன் செய்து சொன்னான்.

தெரியாதவர்களுக்கு... கறம்பக்குடிப் பக்கம் அரசு கால்நடை மருத்துவர். நான் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்க்கிறவன். எங்களைச் சேர்த்து வைத்தது கிணற்றில் விழுந்த மான்கள்.

கோடையில் தண்ணீர் தேடி வரும். நாய் விரட்டும். சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றுக்கு நம்ம பக்கம் பஞ்சமா என்ன...

முதல் மானை ஒரு கீறல் இல்லாமல் தூக்கினோம். எழுந்து நின்றது, ஊரே கைதட்டியது. மறுநாள் செத்துவிட்டது.

"என்ன டாக்டர், ஒரு காயம்கூட இல்லையே?" என்றேன்.

"காயம் உள்ள இருக்குங்க. பயத்துல ஓடி, கயித்துல திமிறி, சதையே உடைஞ்சு போகுது. அந்தக் கழிவு போய் கிட்னிய அடைச்சிருது. ஒன்னுக்கு கடுங்காப்பி நெறத்துல போச்சே, பாத்தீங்கள்ல?"

அதன்பிறகு கிணற்றில் மான் என்று அழைப்பு வந்தால், வண்டி கிளம்பும்போதே அவர் போன் வந்துவிடும். "சைரன் போடாம வாங்க. எறங்கி யாரும் கத்தாதீங்க."

சைரன் இல்லாமல் போகிற ஃபயர் சர்வீஸ் வண்டியைப் பார்த்து டீக்கடையில், "என்னண்ணே, பொண்ணு பாக்கவா?" என்பார்கள். கடுப்பாக இருக்கும்.

ஆலங்குடிப் பக்கம் ஒரு முந்திரித் தோப்பு. மேலே ஏற்றிய மானுக்கு மாலை, குங்குமம், மஞ்சத்தண்ணி எல்லாம் ரெடி. சுற்றிலும் செல்போன். ஊர்த் தலைவர் வந்து, வனத்துறையிடம் ஒப்படைக்கிற மாதிரி போட்டோ எடுக்கும்வரை கட்டியே வைக்க வேண்டுமாம்.

மான் வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் தன் சட்டையைக் கழற்றி அதன் கண்ணை மூடினார். பனியனோடு நின்றார்.

"தலைவர் பாதி வழி வந்துட்டாருங்க. அஞ்சே நிமிஷம்."

"அதுக்கு அஞ்சு நிமிஷம் தாங்காதுங்க. மாலைய எனக்குப் போடுங்க, எம்புட்டு நேரம்னாலும் நிக்கிறேன்."

யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் அடிக்கவே வந்துவிட்டார், நாங்கள்தான் குறுக்கே நின்றோம். வனத்துறையிலிருந்து வந்திருந்த வனவர் சரி என்று தலையாட்டியதும் டாக்டர் கால்கட்டை அவிழ்த்தார். மான் தடுமாறி எழுந்து தோப்புக்குள் போய்விட்டது.

தலைவர் வந்தபோது மாலை மட்டும்தான் இருந்தது. டாக்டர் மேல் புகார் போனது, மெமோ வந்தது. மனுஷன் சாவகாசமாகப் பதில் எழுதினார்.

பிறகு ஒருநாள் கேட்டேன். "அந்த மான் பொழச்சுச்சா டாக்டர்?"

"தெரியாதுங்க. தேடிப் போனா நம்மளப் பாத்து மறுபடியும் ஓடும். அதான் போறதில்ல."

அத்தனை பேச்சும் வாங்கிவிட்டு, அது பிழைத்ததா என்று தெரியாமலே போய்விட்டார்... மனசு கேட்கவில்லை.

சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். டியூட்டியை மாற்றிக்கொண்டு வருகிறேன்.

போயிட்டு வாங்க டாக்டர்.