புதுப் பயிற்சியாளர் சொல்லச் சொன்னது

ஒன்பது கோல் வாங்கித் தோற்ற அணியின் ரசிகர்களுக்கு இருக்கிற வாய், உலகக் கோப்பையை வென்றவர்களுக்குக்கூட இருக்காது. ஜெர்மனியின் ஹனோவரில் எங்கள் தமிழ் உதைபந்தாட்டக் கழகத்தின் கம்பிவேலியோரம் ஞாயிறுதோறும் நின்றவன் என்ற முறையில் இதைச் சத்தியம் செய்து சொல்வேன். உலகக் கோப்பை இந்த நாட்டில் நடந்து முடிந்த இலையுதிர்காலம் அது. அந்தக் கோடை முழுவதும் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து எழும்பியதில் எங்கள் ஆட்கள் எல்லோருமே பயிற்சியாளராகிவிட்டார்கள். விளையாடத்தான் ஆள் இல்லை.

மாவட்டத்தின் ஆகக் கடைசிப் பிரிவில் இருந்தோம். அதற்குக் கீழே இறக்க இடமில்லாதபடியால் யாரும் எங்களை இறக்கவில்லை. மூன்று வருடத்தில் ஐந்து பயிற்சியாளர்கள் வந்து போயிருந்தார்கள். ஐந்து பேரும் கழகத்துக்குள் யாரோ ஒருவரின் சொந்தக்காரர்கள். ஒருவர் தன் மருமகனை முன்வரிசையில் விட, அடுத்தவர் வந்து அவனை எடுத்துவிட்டுத் தன் அண்ணன் மகனான பெறாமகனை விட, அணி ஒரு கலியாண வீட்டு அழைப்பிதழ் மாதிரி ஆகிவிட்டிருந்தது.

அந்த ஒன்பது கோல் ஞாயிறன்று ரோல்ஸும் பால்தேத்தண்ணியும் கைமாறிக்கொண்டிருந்தபோது நான்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். என்னோடு கிடங்கில் பாரந்தூக்கி வண்டி ஓட்டுகிற ஜெர்மன்காரர் ஒருவர் இருக்கிறார், ஊர் இளைஞர் அணிகளை வருடக்கணக்காகப் பயிற்றியவர், கேட்டால் வருவார் என்றேன். வேலியோரம் தீப்பிடித்தது.

"தம்பி, வெள்ளைக்காரனுக்கு எங்கட பெடியளின்ர குணம் தெரியுமே? ஒரு பேச்சுப் பேசினா அடுத்த கிழமை வரமாட்டாங்கள்" என்றார் தலைவர். கழகத்துக்கு அவர் தலைவரானது எப்போது என்று யாருக்கும் ஞாபகமில்லை.

"இவ்வளவு நாளும் வந்து என்னத்தைக் கிழிச்சவங்கள்? ஒன்பது, அண்ணை, ஒன்பது!" என்றார் டாக்சி ஓட்டுகிற அண்ணை. தலைவர் எதைச் சொன்னாலும் மறுத்துப் பேசுவதற்கென்றே டாக்சியை ஓரம் கட்டிவிட்டு வருகிறவர் அவர்.

"அது காத்து எங்களுக்கு எதிர்ப்பக்கமா அடிச்சது."

"ரெண்டு பாதியிலயுமோ?"

தமிழ்நாட்டிலிருந்து மென்பொருள் வேலைக்கு வந்திருந்த ஒரு தம்பியும் ரோல்ஸுக்காக வந்து நிற்பதுண்டு. கிரிக்கெட் தவிர வேறெதுவும் பார்த்திராதவர். "கோச் மாறினா மட்டும் டீம் மாறிடாது சார். சிஸ்டம் மாறணும்" என்றார்.

"எந்தச் சிஸ்டம் தம்பி?"

"எல்லா சிஸ்டமும்தான் சார்."

இப்படியே மூன்று கூட்டம் போனது. கடைசியில் தலைவர், "சரி, அவனைக் கூட்டிக்கொண்டு வாரும். ஆனா பொறுப்பு உம்முடையது" என்று முழுவதையும் என் தலையில் கட்டினார்.

பயிற்சியாளர் வந்தார். அறுபதை நெருங்குகிற வயது, குட்டையான ஆள், கழுத்தில் விசில். வாடகைக்கு எடுத்த பள்ளி மண்டபத்தில் வைத்து அவருக்கு மாலை போட்டார்கள். அவர் மாலையைக் கழற்றிக் கதிரையில் வைத்துவிட்டு நேரே விடயத்துக்கு வந்தார். பெடியளுக்கு ஜெர்மன் நன்றாகத் தெரியும், ஆனால் அவர்கள் அன்று வரவில்லை. வந்திருந்தவர்கள் பெரியவர்கள். அவர்களுக்கு மொழிபெயர்க்க நான் பக்கத்தில் நின்றேன்.

"இந்த அணி ஓடுவதில்லை, நடக்கிறது. ஐந்து பேருக்கு வயிறு வைத்திருக்கிறது" என்றார்.

"உடற்பயிற்சியைக் கொஞ்சம் கூட்டலாமாம்" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

"ஆட்டக்காரர்கள் என்னைப் பார்ப்பதில்லை. வேலியில் நின்று கத்துகிற மாமன்மாரைப் பார்க்கிறார்கள். இனி வேலியில் ஒருவரும் நிற்கக் கூடாது."

"நாங்கள் தாற ஆதரவு பெரிசாம். கொஞ்சம் தள்ளி நிண்டு தந்தா இன்னும் நல்லதாம்." கைதட்டினார்கள்.

தலைவர் எழுந்து, தன் தங்கச்சியின் மகன் எந்த ஆட்டத்திலும் முன்வரிசையில் நிற்க வேண்டும் என்றும், அதில் மட்டும் பேச்சுக்கு இடமில்லை என்றும் கால் மணித்தியாலம் பேசினார். நான் பயிற்சியாளரிடம், "தலைவர் உங்களை வரவேற்கிறார்" என்றேன். இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

நான் பொய்க்காரன் அல்ல. எங்கள் ஆட்களிடையே வயதில் மூத்த ஒருவரின் முகத்துக்கு நேரே 'இல்லை' என்று சொல்வது கிடையாது. 'பாப்பம்' என்போம். பாப்பம் என்றால் நடக்காது என்று கேட்கிறவருக்கும் தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும். ஜெர்மன்காரருக்குத்தான் தெரியாது. "'பார்ப்போம்' என்றீர்களே, பார்த்தாயிற்றா?" என்று அடுத்த நாளே வந்து கேட்பார்கள்.

இரண்டாவது கிழமை, பயிற்சி முடிந்து கார் நிறுத்துமிடத்தில் பயிற்சியாளர் என்னைக் கூப்பிட்டார்.

"கோல்காப்பாளர் உன் மனைவியின் அண்ணன்தானே? அவர் இனிக் கோலுக்குள் நிற்கக் கூடாது. முழங்கால் போய்விட்டது. அவர் குனிவதற்குள் பந்து வலையில் இருக்கிறது. ஆனால் பின்வரிசையைக் குரலாலேயே கட்டி ஆள்கிற இப்படி ஒருவரை நான் இந்தப் பிரிவில் கண்டதில்லை. அவர் என் பக்கத்தில் நிற்க வேண்டும், காப்பாளர்களைப் பயிற்றுகிறவராக. அவர் இல்லாமல் இந்த அணியை என்னால் நிமிர்த்த முடியாது. உங்கள் ஆட்களிடம் இதை எப்படிச் சொல்வது என்று உனக்குத்தான் தெரியும். நீ சொல்."

மச்சானுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. அகதி விடுதியில் பந்தை உருட்டத் தொடங்கிய நாளிலிருந்து இந்த அணிக்கு அவர்தான் காப்பாளர். உணவகச் சமையலறையில் வேலை. அங்கே எல்லோரும் தமிழர் என்பதால் அவருடைய ஜெர்மன் அடுப்படியைத் தாண்டவில்லை. கிழமையில் ஆறு நாள் யாருடையதோ கட்டளைக்குப் பாத்திரம் நகர்த்துகிற மனிதர், ஞாயிறன்று மட்டும் பத்துப் பேருக்குக் கட்டளை இடுவார். அந்த ஒரு நாளை அவரிடமிருந்து எடுக்கச் சொல்கிறார் இவர், அதுவும் நான் எடுத்துக் கொடுக்க வேண்டுமாம். பயிற்சியாளர் சொன்னதன் பின்பாதியில் மச்சானுக்குப் பெரிய மரியாதை இருந்தது, எனக்கு விளங்காமலில்லை. ஆனால் முன்பாதியைச் சொல்லாமல் அந்தப் பின்பாதியைச் சொல்ல வழியில்லை.

அந்த ஞாயிறு ஆறுக்கு ஒன்று என்று தோற்றோம். ஆட்டம் முடிந்தால் மச்சான் வீட்டில் சாப்பாடு. புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் வைத்திருந்தார்கள். நான் இரண்டு தரம் தொண்டையைச் செருமிவிட்டுத் தொடங்கினேன்.

"மச்சான், ட்ரெயினர் உங்களைப் பற்றிக் கதைச்சவர்."

"என்னவாம்?"

"உங்கட குரல் திறமாம்."

மச்சான் கையிலெடுத்த புட்டைச் சாப்பாட்டுக் கோப்பையிலேயே வைத்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டார். "கேட்டீரோ? வெள்ளைக்காரன் வந்த ரெண்டு கிழமையில கண்டுபிடிச்சிட்டான். எங்கட ஆக்கள் பதினைஞ்சு வருசமா ஒரு வார்த்தை சொன்னவையே?" அதற்குப் பிறகு நான் எதைச் சொல்வது? இன்னும் கொஞ்சம் கறி போடச் சொன்னேன். அடுத்த ஞாயிறு மச்சான் முன்னையதைவிட இரண்டு மடங்கு சத்தமாகக் கத்தினார். நான்கு கோல் உள்ளே போனது.

"ஆறு நாலாகியிருக்கு. ட்ரெயினர் வேலை செய்யுறான்" என்றார் டாக்சி அண்ணை. எல்லோரும் வேலியிலிருந்து சரியாக ஒரு அடி தள்ளி நின்றிருந்தார்கள். மொழிபெயர்ப்பை அந்த அளவுக்கு மதித்தார்கள்.

"எதிரணியில மூண்டு பேர் காய்ச்சலாம்" என்றார் தலைவர்.

"சிஸ்டம் இன்னும் செட் ஆகல சார்."

எனக்கு எரிச்சல் தலைக்கு ஏறியது. ஒரு மனிதனின் பதினைந்து வருடம் என் வாய்க்குள் கிடக்கிறது, இவர்கள் காய்ச்சலைப் பற்றிக் கதைக்கிறார்கள். பயிற்சியாளர் வேறு வந்து நின்றார்.

"சொன்னாயா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

"யோசிக்கிறார்."

அந்தப் பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் ஆத்திரம் வருகிறது. வீட்டில் மனைவிக்கு மட்டும் விடயம் தெரியும். "நீங்கள் சொல்லாட்டி நான் அண்ணனுக்குச் சொல்லுவன்" என்றாள். வேண்டாம், நானே சொல்லுகிறேன் என்றேன். அந்தக் கிழமை மச்சானுக்கு இரண்டு வேலை. அடுத்த கிழமை அவர் பிறந்தநாள். பிறந்தநாளன்று யார் இதைச் சொல்வார்? சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

மூன்றாவது தடவை பயிற்சியாளர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. தோளில் தட்டிச் சொன்னார்: "மூன்று கிழமையாக யோசிக்கிறவர் வேண்டாம் என்கிறார். முகத்துக்கு நேரே சொல்லமாட்டார், அவ்வளவுதான். உங்கள் ஆட்களைப் பற்றி அந்த அளவுக்காவது கற்றுக்கொண்டுவிட்டேன். பரவாயில்லை, என் ஊரில் ஒரு பழைய காப்பாளர் இருக்கிறார், காப்பாளர்களைப் பயிற்ற அவரைக் கேட்டுவிட்டேன்."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "இல்லை, அவருக்குத் தெரியவே தெரியாது" என்று ஒரு வரி போதும். சொன்னால் மூன்று கிழமைப் பொய்யும் வெளியே வரும். "பாப்பம்" என்றேன், தமிழில். அவருக்கு அது கேட்கவில்லை.

ஞாயிறு வந்தது. உடைமாற்றும் அறையில் மச்சான் முழங்காலுக்குத் துணி சுற்றிக் கையுறையும் போட்டு ஆயத்தமாக இருந்தார். பயிற்சியாளர் பெயர்ப்பட்டியலை வாசித்தார். முதல் பெயர் காப்பாளரின் பெயர். பல்கலைக்கழகத்தில் படிக்கிற ஒரு பெடியனின் பெயர் அது. பட்டியலை விளங்கிக்கொள்ள மச்சானுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. பயிற்சியாளரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். பிறகு ஒரு கையுறையைக் கழற்றினார், மற்றதைக் கழற்றினார், இரண்டையும் அந்தப் பெடியனிடம் கொடுத்துவிட்டு வெளியே போனார்.

அன்றைக்கு ஒன்றுக்குப் பூச்சியம் என்று வென்றோம். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு முதல் வெற்றி, ஒரு கோல்கூட வாங்காமல். வேலியோரம் ஆட்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

"நான் அண்டைக்கே சொன்னனான், வெள்ளைக்காரன்தான் சரியெண்டு" என்றார் தலைவர், கொஞ்சமும் கூசாமல்.

"ஒரு மேட்சில ஒண்டும் தெரியாது, அண்ணை. பொறுத்துத்தான் பாக்கவேணும்" என்றார் டாக்சி அண்ணை. தலைவர் ஆதரித்தபின் அவரால் எப்படி ஆதரிக்க முடியும்?

மச்சான் இவர்களுக்குச் சற்றுத் தள்ளி, கைகளை ஜாக்கெட்டுப் பைக்குள் விட்டபடி நின்றார். தொண்ணூறு நிமிடமும் அவர் ஒரு சத்தம் போடவில்லை. பயிற்சியாளர் நேரே அவரிடம் வந்து கையைக் குலுக்கி, விளங்கட்டும் என்று மெதுவாக, சொல் சொல்லாகச் சொன்னார்: "நீங்கள் வரவில்லை என்றது எனக்குப் பெரிய கவலை. காப்பாளர்களைப் பயிற்ற உங்களைத்தான் முதலில் நினைத்தேன். உங்கள் முடிவை மதிக்கிறேன்."

மச்சான் தலையாட்டினார். பயிற்சியாளர் போனதும் என்னிடம் திரும்பினார்.

"என்ன முடிவு?"

எல்லாவற்றையும் சொன்னேன். முன்பாதி, பின்பாதி, யோசிக்கிறார் என்று நான் சொன்னது, எதையும் மிச்சம் வைக்கவில்லை. சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. அதற்குத்தான் மூன்று கிழமை எடுத்திருந்தேன்.

"மூண்டு கிழமையும் என்ர வீட்டில இருந்து சாப்பிட்டனீர்" என்றார்.

"மச்சான், உங்களுக்கு நோகுமெண்டுதான்..."

"நொந்திருக்கும். ரெண்டு நாள் உம்மோட கதைச்சிருக்க மாட்டன். பிறகு போய் அந்தாளுக்குப் பக்கத்தில நிண்டிருப்பன். இப்ப அந்தாளின்ர கண்ணில நான் கூப்பிட்டும் வராதவன்."

"இப்பவே போய் நான் அவருக்கு விளங்கப்படுத்துறன். இன்னும் பிந்தேல்லை."

"வேண்டாம். இனி எனக்காக நீர் ஒருத்தரோடயும் கதைக்க வேண்டாம்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். தனியே பஸ்ஸில் போனார்.

செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு மச்சான் வேலையிலிருந்து நேரே வந்தார். நான் வேலிக்கு வெளியே நின்றேன். அவர் மைதானத்தைக் குறுக்கே கடந்து பயிற்சியாளரிடம் போனார். இருவரும் நெடுநேரம் கதைத்தார்கள், எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. மச்சான் சொல் கிடைக்காமல் கையால் காட்டினார், மண்ணில் காலால் கோடு கீறினார், ஒரு தடவை தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினார். பயிற்சியாளர் ஒரு இடத்தில் சிரித்தார். ஒரு இடத்தில் சிரிக்காமல் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு மச்சான் வந்த வழியே, என்னைக் கடந்து, பஸ் தரிப்பிடத்துக்குப் போனார்.

தலைவர் என் பக்கத்தில் வந்து நின்றார். "என்ன தம்பி கதைச்சவை? உமக்குத்தானே ரெண்டு பாசையும் தெரியும்" என்றார்.

தெரியாது என்றேன். அவர் நம்பவில்லை.