பம்ப் நின்ன மத்தியானம்

கரண்ட் போனா நீங்க முதல்ல எதைத் தேடுவீங்க, மெழுகுவத்தியா, பவர் பேங்க்கா? நான் பாத்ரூம் மக்கைத் தேடுவேன். இன்னிக்கு என் ரூம்ல மீன் தொட்டியோட ஏர் பம்ப் சத்தம் பொசுக்குனு நின்னதும், நெனப்புல நேரா நெய்வேலி குவார்ட்டர்ஸுக்குப் போயிட்டேன்.

அப்போ நான் நாலாவது. அப்பா பவர் பிளான்ட்ல ஆபரேட்டர். "பேட்டரி பம்ப் ஒண்ணு வாங்கலாம்ப்பா"ன்னா, "ஊருக்கே கரண்ட் அனுப்புறது நாங்க. நம்ம பிளாக்ல எப்படி பாப்பா போவும்?"னு மீசைய முறுக்குவாரு.

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் போயிடுச்சு! கொஞ்ச நேரத்துல ஏழு கோல்ட் ஃபிஷ்ஷும் மேல வந்து காத்துக்காக வாயப் பொளந்துச்சு. நான் ஓன்னு அழுதேன்.

"ஊருக்கே கரண்ட் குடுக்குறவரே, மீனுக்குக் கொஞ்சம் காத்து குடுங்களேன்"னு அம்மா ஓட்டுனாங்க.

அப்பா நேரா பாத்ரூமுக்குப் போனாரு. மக்கைக் கழுவி எடுத்துகினு வந்து, தொட்டித் தண்ணியையே மொண்டு மொண்டு உயரத்துலேருந்து ஊத்துனாரு. அப்படி ஊத்துனா தண்ணியில காத்து கலக்கும். அவரு லுங்கி ஃபுல்லா பாசி வாசனை. அவரு கை ஓஞ்சா நான், என் கை ஓஞ்சா அவரு. மூணு மணி நேரம்! ஒரு மீன்கூட சாவல. டர்பைன் ஓட்டுற கைங்க அது. செம கெத்து!

இப்பதான் இங்க கரண்ட் வந்துச்சு, மக்கைக் கீழ வெச்சேன். தோள்பட்டை பயங்கரமா வலிக்குது.