பிளாஸ்டிக் பிடி போட்ட மடக்குக்கத்தி

1. திரும்பி வந்த கத்தி

“இதென்ன காக்கா, புள்ளயள் விளையாடுற சாமானா?” என்று கேட்டபடி தங்கராசா கத்தியைக் கவுண்டரில் போட்டார். வாங்கிப்போய் ஒரு கிழமைகூட ஆகவில்லை.

தங்கராசா பாண்டிருப்பில் கடல் தொழில் செய்பவர். சொந்தமாக ஒரு போட் இருந்தது. கல்முனை பஸார் வீதியில் நான் வேலை செய்த ஹாட்வெயார் கடைக்குத்தான் கயிறு, தூண்டில், வலைச் சாமான் எல்லாவற்றுக்கும் வருவார். என்னை அண்ணன் முறையில் ‘காக்கா’ என்பார். என் வேலை கவுண்டரில் நிற்பது. முழங்கால் இரண்டும் இனி ஏலாது என்று சொல்லும்வரை நின்றேன்.

அந்தக் கத்தி அப்போது புதிதாக வந்த சாமான். மடக்குக்கத்தி என்றால் உருக்குப் பிடி அல்லது மரப்பிடி என்றுதான் சனம் பழகியிருந்தது. இதற்குக் கறுப்புப் பிளாஸ்டிக் பிடி. கையில் எடுத்தால் பாரமே தெரியாது. அதுதான் சிக்கல். பாரமில்லாத சாமான் பலமில்லாத சாமான் என்று வருகிறவர்கள் எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் முதலில் இருந்து விளக்கம் சொல்லி எனக்கு வாய் ஓய்ந்துபோயிருந்தது.

தங்கராசாவுக்கும் சொன்னேன். “இது வாளி செய்யிற பிளாஸ்டிக் இல்ல. நைலோனுக்குள்ள கண்ணாடி நார் போட்டு அச்சில ஊத்தினது. உள்ளுக்க ரெண்டு பக்கமும் உருக்குத் தகடு இரிக்கி, பாருங்க. பிளேட்டத் திறந்தா இந்தத் தகடு வந்து பின்னால முட்டுக் குடுக்கும். அதுதான் லொக்.”

“எண்டாலும் பிளாஸ்டிக்தானே.”

“உங்கட போட் என்னத்தில செஞ்சது? ஃபைபர்தானே. அதுல ஏறித்தானே கடலுக்குப் போறீங்க?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நீங்க கதைச்சே விப்பீங்க” என்றார். உருக்குப் பிடிக் கத்தி இடுப்புச் சாறன் மடிப்பில் நிற்காது, இழுத்துக்கொண்டு கீழே வரும் என்று முன்பு அவரே என்னிடம் சலித்துக்கொண்டதுண்டு. இதன் பிடியில் ஓட்டை இருக்கிறது, கயிறு கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள், இருப்பதே தெரியாது என்றேன். அரை மனதோடு எடுத்துக்கொண்டு போனார்.

2. கணுக்காலில் விழுந்த கயிறு

மழைக்காலம் தொடங்கியபின் ஒருநாள் தங்கராசா நொண்டிக்கொண்டு வந்தார். கணுக்காலைச் சுற்றித் தோல் உரிந்து சிவந்திருந்தது.

விடியப்பக்கம் வலை இறக்கும்போது, ஓடிக்கொண்டிருந்த கயிற்றில் ஒரு சுருக்கு அவர் காலில் விழுந்திருக்கிறது. போட் ஒரு பக்கம் போக, வலை மறுபக்கம் இழுத்திருக்கிறது.

“மருமகன் எஞ்சின நிப்பாட்டுறதுக்குள்ள என்னய விளிம்பு வரைக்கும் கொண்டு போயிட்டு காக்கா. ஒரு கையால பலகயப் புடிச்சிட்டன். மற்றக் கைதான் மிச்சம். நெஞ்சில தொங்கின கத்தியப் புடிச்சி, பெருவிரலாலதான் திறந்த.”

“ஒரே வெட்டா?”

“எங்க! ஈரக் கயிறு. அறுத்த, அறுத்த, அறுத்துக்கொண்டே இருந்த. கை முழுக்க மீன் வழும்பு. கத்தி மட்டும் வழுக்கல்ல.” பிடியில் இருந்த சொரசொரப்பைத் தடவிக் காட்டினார். கடைப் படியிலேயே குந்தியிருந்தார். தண்ணீர் கொடுத்தேன்.

அந்தக் கதை கடற்கரையில் பரவியது. பிளாஸ்டிக் பிடிக் கத்தி கேட்டுப் பாண்டிருப்பிலிருந்தும் கல்முனைக்குடியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். இருந்த ஸ்டொக் முடிந்தது. அப்போது நான் சந்தோஷப்பட்டேன்.

3. அதே நிறம், அதே வடிவம்

எங்கள் முதலாளி ஹாஜியார் கெட்ட மனிதர் அல்ல. கடையைத் தானே தூக்கி நிறுத்தியவர். சாமான் முடிந்தால் உடனே நிரப்பவேண்டும், இல்லாவிட்டால் வந்த சனம் பக்கத்துக் கடைக்குப் போய்விடும் என்ற பயம் அவருக்கு எப்போதும் உண்டு. கொழும்புக்குப் போனவர் ஒரு பெட்டி நிறைய மடக்குக்கத்தி கொண்டுவந்தார். கறுப்புப் பிடி, அதே வடிவம், அதே சொரசொரப்பு.

நான் ஒன்றை எடுத்து விரித்தேன். பழையதைவிட இன்னும் பாரம் குறைவு. பிடியின் இடைவெளிக்குள் பார்த்தால் பக்கத் தகடு இரண்டும் இல்லை. லொக்குக்கு ஒரு சின்னத் துண்டுத் தகடு, அதுவும் பிளாஸ்டிக்கில் வெட்டிய தவாளிப்பில் வெறுமனே செருகியிருந்தது. பிளேட்டின் முதுகை மேசை விளிம்பில் வைத்து அழுத்தினேன். பிடி விரிந்து கொடுத்தது. தகடு நழுவியது. பிளேட் மடங்கியது.

ஹாஜியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“நீங்க இந்த அழுத்து அழுத்தினா எதுதான் நிக்கும், நிசார்?”

“பழசு நிண்டிச்சே ஹாஜியார். இது ஆள்ர விரல எடுத்துப்போடும்.”

“பழம் வெட்டுறத்துக்கு, பார்சல் கட்டு அறுக்குறத்துக்கு எண்டு சொல்லிக் குடுங்க.”

“ஆர் கேப்பாங்க? தங்கராசா வச்சிருக்கிற கத்தி எண்டுதான் வாங்க வாறாங்க.”

அவர் முகம் சுருங்கியது. “மறுகா பாப்பம்” என்று பேச்சைத் தள்ளிப்போட்டார். நான் பெட்டியைக் கவுண்டருக்கு அடியில் தள்ளிவைத்தேன். இதை என் கையால் விற்க மாட்டேன் என்று அவரிடம் சொன்னேன். அவர் எடுத்து எறியச் சொல்லவில்லை. கேட்டு வருகிறவர்களுக்கு இல்லை என்றேன். சிலர் கோபித்துக்கொண்டு போனார்கள். அதையும் சகித்துக்கொண்டு நின்றேன்.

4. ஆஸ்பத்திரி விறாந்தை

ஹாஜியாரின் மனைவி சுபைதாவின் தம்பி ஜௌபர். நற்பிட்டிமுனையில் வேளாண்மை செய்கிறவர். கடைக்கு வந்தால் ஹாஜியாரோடு பிளேன்டீ குடித்துக் கொஞ்ச நேரம் கதைத்துவிட்டுத்தான் போவார். ஒருநாள் நான் லுஹர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போயிருந்த நேரம் அவர் வந்திருக்கிறார். கடல்காரர் கொண்டுபோகிற கத்தி ஒன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ஹாஜியார் குனிந்து, அடியில் இருந்த பெட்டியைத் திறந்து, ஒன்றை எடுத்து மச்சானுக்குச் சும்மா கொடுத்திருக்கிறார்.

கிழமை திரும்பவில்லை, கடைக்கு டெலிபோன் கோல் வந்தது. வயலில் தண்ணீர் பம்பின் ஹோஸ் பைப்பை வெட்டப்போனபோது, கத்தியைக் குத்தித் திருப்பிய நேரம் பிடி விரிந்திருக்கிறது. பிளேட் மடங்கி வலக்கையின் இரண்டு விரல்களில் இறங்கியிருக்கிறது.

ஹாஜியாரை நான்தான் த்ரீவீலில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. விறாந்தையில் சுபைதா நின்றிருந்தார். தம்பியின் இரத்தம் பட்ட சேர்ட் கையில் இருந்தது. உள்ளே ஜௌபர் கட்டுப் போட்டுப் படுத்திருந்தார். நரம்பு அறுந்துவிட்டது, ஒப்பரேஷன் செய்தாலும் விரல் பழையபடி மடங்குமென்று சொல்லமுடியாது என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

ஹாஜியாரைக் கண்டதும் ஜௌபர்தான் ஆறுதல் சொன்னார். “நீங்க என்னத்துக்கு மச்சான் அழுறீங்க? நான்தான் ஒழுங்காப் புடிக்கல்ல போல.”

வெளியே வந்தோம். சுபைதா தாழ்ந்த குரலில் கேட்டார். “இஞ்சாருங்க, அது சரியில்லாத கத்தியெண்டு தெரிஞ்சா குடுத்தீங்க?”

நான் சுவரைப் பார்த்தேன். தெரியாது என்று ஹாஜியார் சொல்லியிருந்தால் நான் வாய் திறந்திருப்பேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்த இக்கட்டை அவர் எனக்கு வைக்கவில்லை.

“ஓம்” என்றார். “நிசார் சொன்னவர். உடையிற அளவுக்குப் போகாதெண்டு நினைச்சன்.”

சுபைதா சேர்ட்டை மடித்துக்கொண்டு தம்பியிடம் போனார். அதன்பிறகு நெடுநாள் அவர் கடைப்பக்கம் வரவில்லை. வீட்டில் என்ன நடந்தது என்று நான் கேட்கவும் இல்லை.

5. இரண்டாவது கத்தி

மறுநாள் ஹாஜியார் கடையின் பின் முற்றத்தில் குந்தியிருந்து அந்தப் பெட்டிக் கத்திகளை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் உடைத்தார். உதவிக்குப் போனேன், வேண்டாம் என்றுவிட்டார்.

விஷயம் ஊரில் தெரிந்ததும், நல்ல கத்தியையும் ஆட்கள் தொடவில்லை. பழைய கம்பனிச் சாமான் மறுபடி வந்தது, அலுமாரியில் தூசி பிடித்தது. நான் திரும்பவும் அதே விளக்கத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. இந்தமுறை எனக்கே சத்தம் எழும்பவில்லை. ஒரே மாதிரி இரண்டு கறுப்புப் பிடி. ஒன்று ஓர் ஆளைக் கடலில் இருந்து மீட்டது, மற்றது ஓர் ஆளின் கையை முடக்கியது. இதைச் சனத்துக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

சிறுபோக வேளாண்மை தொடங்கும் நேரம் ஜௌபர் வந்தார். இரண்டு விரலும் நீட்டியபடி விறைத்திருந்தன.

“ஒரு கத்தி எடுங்க நிசார் காக்கா.”

உருக்குப் பிடிக் கத்தியைக் கொடுத்தேன். பெருவிரலாலும் மிச்ச இரண்டு விரலாலும் பிடித்தார். பாரம் முன்னுக்கு இழுக்க, நழுவிக் கவுண்டரில் விழுந்தது. மரப்பிடியும் விழுந்தது.

“பாரமானது நிக்குதில்ல” என்றார். “அந்தப் பிளாஸ்டிக்குல ஒண்டு தாங்க.”

நான் அலுமாரிப் பக்கம் திரும்பும் முன்பே ஹாஜியார் எழும்பி வந்துவிட்டார். ஒன்றை எடுத்தார். விரித்து, பிளேட்டின் முதுகை மேசை விளிம்பில் வைத்து, உடம்புப் பாரம் முழுவதையும் போட்டு அழுத்தினார். நின்றது. மடக்கி, விரித்து, மறுபடி அழுத்தினார். நின்றது. அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். பிறகு இன்னொன்று. நெற்றியில் வியர்வை ஓடியது. கடையில் நின்ற மற்றவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது கடைகளில் நிற்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பாரத்தை வைத்தும் நிறத்தை வைத்தும் ஒரு சாமானை நம்பாதீர்கள், தள்ளியும் விடாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று உங்கள் கையாலேயே பாருங்கள், வாங்குகிறவருக்கு முன்னால் பாருங்கள். அலுப்பான வேலைதான். ஹாஜியார் கடையை ஒரேயடியாக மூடும்வரை அதை ஒவ்வொரு கத்திக்கும் செய்தார், ஒருவரும் கேட்காத நேரத்திலும்.

அன்றைக்கு ஜௌபர்தான் கையை நீட்டினார்.

“போதும் மச்சான். தாங்க.”