ஒரே துணியில் ஐந்து பேர்

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில் புதுத் துணியின் கஞ்சி வாசனையும் தையல் மெஷின் எண்ணெய் வாசனையும் கலந்து அடிக்கும். செகந்திராபாத் ஜெனரல் பஜாருக்குப் போய், கடைக்காரர் "தான்" என்று சொல்லும் முழுச் சுருளாக ஒரே துணியை அம்மா வாங்கி வருவாள். ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த அப்பாவுக்கும் அண்ணனுக்கும் சட்டை, அக்காவுக்கும் எனக்கும் கவுன், அம்மாவுக்கு ரவிக்கை, மிச்சத்தில் ஜன்னலுக்குத் திரை, எல்லாம் அந்தச் சுருளில் முடிந்துவிடும். கிறிஸ்துமஸ் அன்று விடிந்ததும் தைத்த துணிகளை அடுக்கி, அவற்றின்மேல் கை வைத்து அப்பா ஜெபித்து, ஆளுக்கொன்றாக எடுத்துக் கொடுத்த பிறகே உடுத்தலாம் என்பது திருநெல்வேலியிலிருந்து எங்களோடு ரயிலேறி வந்த வழக்கம்.

எதிர்வீட்டு ரேஷ்மாவுக்கு எங்களைக் கண்டால் கொண்டாட்டம். ஏன் என்பதற்கு அந்தத் தெருவில் "கைக்கு" என்பார்கள். "கைக்கு வெளிய வந்தே? ஜன்னல்ல போயி தொங்கு!" என்பாள். திரையும் என் கவுனும் ஒரே நீலக் கட்டம்.

பதினோரு வயதில், அதே பஜாரில் ஒரு கடையின் கண்ணாடிக்குள் ரோஜா நிறத்தில், கழுத்தைச் சுற்றி லேஸ் வைத்த கவுன் ஒன்றைப் பார்த்துவிட்டு நகரமாட்டேன் என்று நின்றேன். "ஏட்டி, வா. நமக்கு உள்ளது போதும்" என்று அம்மா கையைப் பிடித்து இழுத்தாள். நாலடி போனவள், அடுத்த கண்ணாடியின் முன்னால் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தாள். அது சரியாக வெகுநேரம் ஆயிற்று. பிறகு வீடு வரும்வரை அவள் பேசவில்லை. ஒன்றுக்கும் ஆசைப்படாத மனம் இப்படித்தான் அமைதியாக இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த நினைப்பை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருடம் பிழைத்திருக்கிறேன். போன மாதம் சபையின் பெண்கள் கூட்டத்தில் இதையே சாட்சியாகச் சொன்னேன். இரண்டு மூன்று பேர் கண்ணைத் துடைத்தார்கள். வீடு திரும்பும் ஆட்டோவிலேயே போனை எடுத்து, தேவையே இல்லாத ஒரு குர்தியை ஆர்டர் செய்தேன். ஏன் செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

என் மகள் ஜெருஷாவுக்குப் பதினாறு வயது. இந்த டிசம்பரில் ஆராதனைக்கு ஒன்று, கேரல் பாடப் போக ஒன்று, போட்டோவுக்கு ஒன்று என்று மூன்று உடை கேட்டாள். நான் வழக்கம்போல நீலக் கட்டக் கதையை எடுத்துவிட்டேன். அவள் முழுக்கக் கேட்கவில்லை. "மம்மி, நக்கோ, வேணாம். மொதல்ல உன் பீரோ பாரு" என்று கதவைத் திறந்துவிட்டாள். விலைச்சீட்டுகூடக் கிழிக்காத புடவைகள், குர்திகள், பிரிக்காத கவர்கள் சரிந்து என் காலடியில் விழுந்தன. இந்தப் பிள்ளைக்கு நான் எதைக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன்?

சோபாவில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவைத்தான் துணைக்கு அழைத்தேன். "நீங்களே சொல்லுங்கம்மா. உள்ளது போதும்னு நீங்க இருக்கலையா?"

"போதும்னு சொன்னேன்ட்டி. போதும்னு இருந்துச்சின்னு எப்பம் சொன்னேன்?"

"அன்னைக்கு பஜார்ல…"

"அன்னைக்கு என் செருப்பு வாரு நல்லாத்தான் இருந்துச்சு. அந்தக் கண்ணாடிக்குள்ள ஒரு ரோஸ் பட்டு கெடந்துச்சு. குனிஞ்சாத்தான் பார்டர் தெரியும்."

ஜெருஷா சிரித்தாள். என்னால் முடியவில்லை. அப்பா போனதிலிருந்து வெள்ளைப் புடவையைத் தவிர வேறு கட்டாதவள் அம்மா. அவளே மெல்ல, "உன் போன்ல அந்த மாதிரி ஒண்ணு வருமாட்டி?" என்று கேட்டாள்.

நாலு நாள் அப்படியொரு ரோஸ் பட்டைப் போன் திரையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாங்கினால் ஜெருஷாவின் முன்னால் நான் இதுவரை சொன்ன எல்லாம் பொய். வாங்காவிட்டால் அம்மாவை இரண்டாம் முறையாக அந்தக் கண்ணாடியிடமிருந்து இழுத்துப் போகிறவள் நான். ஐந்தாம் நாள் வாங்கினேன். சரியா தப்பா என்று இன்னும் தெரியவில்லை.

அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறைகள் தொங்குகின்றன. குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள். நீலக் கட்டத் துணியில் ஒரு துண்டுகூட எங்கள் யாரிடமும் இல்லை. கிறிஸ்துமஸ் காலையில் ஜெருஷாவின் ஒரே ஒரு புது உடையையும் அம்மாவின் ரோஸ் பட்டையும் அடுக்கி வைத்தபோது, கை வைத்து ஜெபிக்க அப்பாவும் இல்லை. அம்மா என் கையை எடுத்து அவற்றின்மேல் வைத்தாள். கண்ணை மூடினேன். நன்றி சொல்வதா, மன்னிப்புக் கேட்பதா என்று தடுமாறினேன்.

"சீக்கிரம் ஆமென் சொல்லுட்டி" என்றாள் அம்மா. "கட்டிப் பாக்கணும்."