முப்பத்திரண்டாம் தேதி

உமாராணி நடந்து வந்தால் சத்தமே இருக்காது. ஆனால் கீபோர்டில் கை வைத்துவிட்டால் சமையல்கட்டு வரைக்கும் கேட்கும். தட்டுவார், நிறுத்துவார், மறுபடி தட்டுவார். அந்தச் சத்தத்தை வைத்தே வேலை ஓடுகிறதா, எங்காவது முட்டி நிற்கிறதா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில், வயலுக்கு நடுவே இருக்கிறது எங்கள் மூலிகை மருந்து ஆய்வு மையம். மலையிலிருந்து செடி கொண்டுவந்து, காயவைத்து, சாறெடுத்து, எந்த நோய்க்கு ஆகும் என்று பார்க்கிற இடம். நான் அங்கே பெருக்கித் துடைத்து, குடுவை கழுவி, டீ போடுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள். நாலு பேர் கூடியிருந்தால் எனக்குப் பேச்சு வராது. அதனால் பார்த்துக்கொண்டிருப்பேன். அதிகம் பார்த்தது உமாராணியைத்தான்.

அவருக்கு ஊர் ஆலங்குளம். அப்பா போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணன்கள் இரண்டு பேரும் பட்டாளத்தில் இருக்கிறார்கள். மகளும் காக்கி போட வேண்டுமென்று அப்பாவுக்கு ஆசை. உயரத்தில் கழித்துவிட்டார்கள்.

"ஒரு இஞ்சுல போச்சு அக்கா," என்று ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னார். "அந்த இஞ்சு மட்டும் இருந்திருந்தா, இந்நேரம் ஐந்தருவி ரோட்டுல விசிலை ஊதிக்கிட்டு சீசன் கூட்டத்தோட மல்லுக்கட்டிக்கிட்டு நின்னிருப்பேன்."

காக்கிக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் படித்தார். எங்கள் மையத்தில் சேர்ந்து பல வருடம் ஆகிறது. பிரிண்டர் சிக்கினாலும், கரண்ட் போனாலும், யாராவது பாஸ்வேர்டை மறந்தாலும் "கம்ப்யூட்டர் பிள்ளையைக் கூப்பிடு" என்பார்கள். அவருடைய வேலை அவ்வளவுதான் என்று நானும் நினைத்திருந்தேன்.

போன வருடம் கோடையில் இயக்குநர் விஜயசங்கர் சார் எல்லோரையும் கூப்பிட்டு ஒரு செய்தி சொன்னார். ஐதராபாத், புனே, திருவனந்தபுரத்து ஆராய்ச்சிக்கூடங்களும் எங்கள் மையமும் சேர்ந்து மருந்து கண்டுபிடிக்கப் போகின்றன. அதற்காக எல்லோருடைய பழைய பதிவுகளும் ஒரே இணையத் தளத்துக்குப் போக வேண்டும். ஒருவர் கண்டதை மற்றவர் அங்கிருந்தே பார்க்கலாம். எங்கள் பதிவுகளை அங்கே கொண்டு சேர்க்கும் பொறுப்பு உமாராணிக்கு.

எங்கள் பதிவுகள் மூன்று இடத்தில் கிடந்தன. தென்காசிக் கணக்கு கருப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடும் பழைய மெஷினில். ஆய்வுக்கூடத்துக் கணக்கு எக்செல்லில். மூன்றாவது செங்கோட்டைக் கணக்கு. மையத்துக்கு அங்கே ஒரு கிளை இருந்தது. அதை மூடியபோது அதன் கம்ப்யூட்டரைத் தூக்கி வந்து எங்கள் ஸ்டோர் ரூமில் போட்டிருந்தார்கள். தூசியை நான்தான் துடைத்தேன். உமாராணி தரையில் உட்கார்ந்து அதற்குக் கரண்ட் கொடுத்தார். முக்கி முனகி அது எழுந்தபோது சின்னப்பிள்ளை மாதிரி கை தட்டினார்.

"செத்துப்போச்சுன்னுல்லா நெனச்சேன்! பாரு அக்கா, மூச்சு விடுது."

பிறகு வாரக்கணக்கில் கீபோர்டுச் சத்தம். தரை துடைக்கும்போது நான் அவர் பின்னால் கொஞ்சம் நின்று பார்ப்பேன். அவருக்கு அது தெரியும். திரும்பாமலே சொல்வார்.

"மூணு வீட்டுச் சாமானை ஒரே வீட்டுல அடுக்குத மாதிரிதான் அக்கா. இங்கன 'ஈரம்'னு போட்டிருக்காங்க. அங்கன 'நீர் அளவு'ன்னு போட்டிருக்காங்க. ரெண்டும் ஒண்ணுதான். நமக்குத் தெரியுது, மெஷினுக்குத் தெரியாதுல்லா? அதுக்கு ஒவ்வொண்ணாச் சொல்லிக் குடுக்கணும்."

ஆனி மாதம், சாரல் நன்றாகப் பிடித்திருந்த நேரத்தில், தளத்தை நடத்துகிற கம்பெனியிலிருந்து ஹுஸைஃபா வந்தார். வேலை பெங்களூரில், சொந்த ஊர் கடையநல்லூர். வந்ததும் உமாராணி தயார் செய்து வைத்திருந்ததை ஒருமுறை சோதனையாக ஓட்டிப் பார்த்தார்கள். சரியான பதிவு பச்சையாகவும் தளம் ஏற்காதது சிவப்பாகவும் வரும். நான் டீத் தட்டோடு நின்றேன்.

தென்காசிப் பதிவுகள் பச்சை பச்சையாக ஓடின. ஆயிரக்கணக்கில் ஓடின. வயல் முழுக்க நாற்று நட்ட மாதிரி திரை நிறைந்தது. இத்தனை இலை, இத்தனை வேர், இத்தனை பேருடைய உழைப்பு இந்தச் சின்னப் பெட்டிக்குள்ளேயா இருந்தது என்று எனக்குப் புல்லரித்தது.

அடுத்துச் செங்கோட்டை. எல்லாம் சிவப்பு.

விஜயசங்கர் சார் குனிந்து பார்த்தார். பார்த்தவர் சிரித்துவிட்டார்.

"இது என்னம்மா, முப்பத்திரண்டாம் தேதி? ஒண்ணு இல்ல, வரிசையா இருக்கே! வருஷம் எழுபத்தஞ்சாம். எழுபத்தஞ்சுல நான் டவுசர் போட்டுக்கிட்டுத் திரிஞ்சேன். இந்த மையமே கிடையாது."

செங்கோட்டைப் பதிவுகள் எல்லாம் நம்பிராஜன் என்ற ஒருவர் அடித்தவை. செடி பறிக்கப் போகிறவரும் அவர்தான், பதிகிறவரும் அவர்தான். காலமாகி வருடங்கள் ஆகிவிட்டன. உமாராணி அவரைப் பார்த்தது கூட இல்லை.

"மனுஷன் மலைக்கே போகாம, ரூமுக்குள்ள உக்காந்து இஷ்டத்துக்கு அடிச்சிருக்கார்," என்றார் சார். சிரிப்பு போய்விட்டது. "ஒரு பொய் உள்ள போனா மத்த மூணு லேபும் நம்ம ஒரு வரியையும் நம்பாது. வெள்ளிக்கிழமை கடைசி நாள். செங்கோட்டையை விட்டுருங்க. பழைய மெஷினையும் கழிச்சிரலாம்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் உமாராணியின் முகம் வாடிவிட்டது. காரணம் எனக்குத் தெரியும். புளியரைப் பக்கம் ஒரு சரிவில் முளைத்த ஒரு கொடியின் சாறு சர்க்கரைப் புண்ணை ஆற்றுமா என்றுதான் ஐதராபாத்தில் பார்க்கப் போகிறார்கள். எந்த மாதத்தில் பறித்த இலையில் வீரியம் அதிகம் என்று தெரியாமல் அவர்களால் தொடங்க முடியாது. அதை வருடக்கணக்காகப் பறித்து அளந்தது நம்பிராஜன் மட்டும்தான். அந்தச் சரிவை வெட்டி ரோடு போட்டுவிட்டார்கள். மறுபடி அளக்கலாம் என்றால் செடி இல்லை. சிவப்பாக நிற்கிற வரிகள் மட்டும்தான் மிச்சம்.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். ஒருமுறை ஆலங்குளத்துக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஏட்டையாவுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. சர்க்கரைப் புண்ணில் எடுத்தது. வலது பாதத்திலும் கட்டுப் போட்டிருந்தார்கள். இதைப் பற்றி உமாராணி ஆபீசில் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கேன் சார்," என்று மட்டும் சொன்னார்.

அன்று மத்தியானம் வரைக்கும் கீபோர்டு சத்தம் இல்லை. நான் ஜன்னல் துடைக்கிற சாக்கில் போனேன். திரையில் இரண்டு கோடுகள். நீலக்கோடு தென்காசி, சிவப்புக்கோடு செங்கோட்டை. இலையில் எந்த மாதம் எவ்வளவு ஈரம் என்று காட்டுகிற கோடுகள்.

"ஏலே ஹுஸைஃபா, இங்கன வந்து பாரு," என்றார். "மார்ச் மாசம் செங்கோட்டை இலை நனைஞ்சு கெடக்கு. ஜூலையில காஞ்சு போய் இருக்கு. ஜூலையில நம்ம ஊர்ல துண்டே காயாது!"

"அதான் அக்கா, பொய்யின்னு தெரியுதுல்லா?"

"ஒரு வருஷம்னா பொய். வருஷா வருஷம் மார்ச்சுல நனையுது, ஜூலையில காயுது. இஷ்டத்துக்கு அடிக்குதவன் இவ்வளவு ஒழுங்கா அடிப்பானா? வேலை செய்யாதவன் ஒரே நம்பரைத் திருப்பித் திருப்பிப் போட்டுட்டு வீட்டுக்குப் போவான். இது நெசமாவே அளந்தது. நாள்தான் எங்கேயோ பிசகிக் கெடக்கு."

ஹுஸைஃபா தலையைச் சொறிந்தார். "கம்பெனியில கேட்டா, நம்பர் நல்லாருக்கு, ஏத்துக்கோங்கன்னு சொல்ல முடியாதே அக்கா."

அடுத்த நாளும் அப்படியே போனது. சிவப்பு வரிகளை மேலும் கீழும் உருட்டிக்கொண்டே இருந்தார். முப்பத்திரண்டாம் தேதி வந்ததெல்லாம் அநேகமாகப் பதினொன்றாம் மாதத்தில்தான் என்று கண்டுபிடித்தார். அது ஏன் என்று பிடிபடவில்லை. சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவில்லை.

நாலு மணிக்கு டீ கேட்டு அவரே சமையல்கட்டுக்கு வந்தார். அடுப்புக்கு மேலே தினக் காலண்டர் தொங்குகிறது, தென்காசிக் கடை ஒன்றில் கொடுத்தது. பால் பொங்குகிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா," என்றார். குரல் வேறு மாதிரி இருந்தது. "இன்னைக்கு என்ன தேதி?"

"பதினாறுல்லா?"

"அது இங்கிலீஷ் தேதி."

காலண்டர் தாளில் பெரிய எழுத்தில் ஜூலை பதினாறு. அதன் கீழே ஆனி முப்பத்திரண்டு. அதற்கும் கீழே, பொடி எழுத்தில், மலையாளத்துக் கொல்லம் ஆண்டு.

அவர் விரல் விட்டு எண்ணினார். கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆவணி முதல் மாதம் என்றால் ஆனி பதினொன்றாம் மாதம். இங்கிலீஷில் இரண்டாயிரம் வாக்கில் கொல்லம் ஆயிரத்து நூற்று எழுபத்தைந்து; அதில் கடைசி இரண்டு எண் எழுபத்தைந்து. ஐப்பசி மூன்றாம் மாதம். மெஷின் அதை மார்ச் என்று படித்திருக்கிறது. ஐப்பசியில் இலை நனையாமல் என்ன செய்யும்?

செங்கோட்டை முன்னே திருவிதாங்கூரோடு இருந்த ஊர். அங்கே பழைய வீடுகளில் பத்திரத்திலிருந்து கல்யாணம் வரைக்கும் கொல்லம் ஆண்டுதான். நம்பிராஜன் தனக்குத் தெரிந்த தேதியைத்தான் அடித்திருக்கிறார். அவருக்கு அது தேதி. மெஷினுக்கு அது பொய்.

டீயை எடுக்காமல் உமாராணி ஓடினார். அவர் ஓடிச் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான்.

விஷயத்தைக் கேட்டதும் ஹுஸைஃபா தலையில் கை வைத்துக்கொண்டார். "எங்க வாப்பா கடையிலயும் இதே காலண்டர்தான் அக்கா தொங்குது! பொறந்ததுல இருந்து பாக்கேன்."

"எல்லாருந்தான் பாக்கோம். கம்ப்யூட்டர் முன்னால உக்காந்தா யாருக்கு ஆனி, ஆவணி ஞாபகம் வருது?"

ஆனால் வேலை முடியவில்லை. தமிழ் மாதத்துக்கு ஒவ்வொரு வருடமும் ஒரே கணக்கு கிடையாது. ஒரு வருடம் முப்பத்தொன்று, ஒரு வருடம் முப்பத்திரண்டு. அந்தந்த வருடத்துப் பஞ்சாங்கம் இல்லாமல் சரியான நாளுக்கு மாற்ற முடியாது. விஜயசங்கர் சார் எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டார். காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவர் வீடு பண்பொழியில், கோயிலோடு சம்பந்தப்பட்ட பழைய குடும்பம். மறுநாள் காலையில் இரண்டு துணிப்பை நிறையப் பஞ்சாங்கத்தோடு வந்தார்.

"எங்க வீட்டுல இதைத் தூக்கிப் போடுத வழக்கம் இல்லை," என்றார். அவர் பேச்சில் ஊர்த்தமிழ் வந்து நான் அன்றுதான் கேட்டேன். "நம்பிராஜனை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். நானே வாசிக்கேன், நீங்க அடிங்க."

இயக்குநர் பஞ்சாங்கத்தைப் பிரித்து மாதப்பிறப்பை வாசிக்க, உமாராணி அதை அடிக்க, ஹுஸைஃபா சரிபார்க்க, வியாழக்கிழமை முழுக்க அந்த அறையில் வைகாசியும் ஆனியுமாகப் போனது. நான் டீ கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலம், வெளிச்சம் போவதற்கு முன், மறுபடியும் அந்த இரண்டு கோடுகளையும் வரவழைத்தார். நீலக்கோடு அதே இடத்தில் நின்றது. சிவப்புக்கோடு இனிமேல்தான் வர வேண்டும். உமாராணி ஒரு பட்டனைத் தட்டிவிட்டு நாற்காலியில் பின்னால் சாய்ந்தார்.

சிவப்புக்கோடு இடப்பக்கத்திலிருந்து கிளம்பியது. மாசி, பங்குனியில் தாழ்ந்து போனது. நீலமும் அங்கே தாழ்ந்துதான் இருந்தது. ஆனியில் ஏறியது. நீலமும் ஏறியது. ஆடி கடந்து இறங்கி, ஐப்பசியில் மறுபடியும் எழுந்தது. இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, எது எதென்று தெரியாமல், வருடம் வருடமாகப் போய்க்கொண்டே இருந்தன. எங்கள் ஊர்ச் சாரல் அது. ஐப்பசி மழை அது. ஒருவரையொருவர் கலந்து பேசாமல் இரண்டு ஊரில் அளந்த ஈரம், இத்தனை காலம் கழித்து ஒரே கோடாக ஓடியது. மழையை இப்படி நான் பார்த்ததே இல்லை. அருவிக்கு முன்னால் நிற்கும்போது பேச்சு அடங்கிப் போகுமே, அந்த அறையில் எல்லோரும் அப்படி நின்றோம்.

"நம்பிராஜன் மலைக்குப் போயிருக்கார்," என்றார் விஜயசங்கர் சார்.

வெள்ளிக்கிழமை செங்கோட்டைப் பதிவுகள் பச்சையாகப் போய்ச் சேர்ந்தன. மாற்றிய தேதிக்குப் பக்கத்தில் நம்பிராஜன் அடித்த தேதியும் அப்படியே இருக்கும்படி உமாராணி ஒரு கட்டம் வைத்தார். அது தேவையில்லை என்று ஹுஸைஃபாவும் சொல்லவில்லை.

பத்துப் பதினைந்து நாள் கழித்து நான் அந்த அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது, "அக்கா, சட்டுனு வா," என்று கூப்பிட்டார். திரையில் புளியரைக் கொடியின் பதிவு ஒன்று திறந்திருந்தது. ஓரத்தில் ஒரு சின்ன ஆரஞ்சுப் பொட்டு மின்னியது.

"யாராவது ஒரு வரியைத் திறந்து படிச்சா இந்தப் பொட்டு வரும். ஐதராபாத்துல யாரோ இப்ப இதைப் படிக்குதாங்க."

நான் எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். பறித்த இடம் புளியரைச் சரிவு. நாள் முப்பத்திரண்டு, மாதம் பதினொன்று, வருடம் எழுபத்தைந்து. ஈரம் இவ்வளவு. அந்தச் சரிவில் இப்போது லாரிகள் போகின்றன. அந்த இலை எப்போதோ பொடியாகிப் போயிருக்கும். பறித்தவரும் இல்லை. ஆனாலும் முகம் தெரியாத ஒருவர் எங்கேயோ இருந்துகொண்டு, நனைந்த அந்த இலையைக் கையில் வைத்துப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

உமாராணி போனை எடுத்தார். ஆலங்குளத்துக்கு.

"அப்பா, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல, சும்மாதான். கட்டு மாத்தினாங்களா?"

மின்னிக்கொண்டிருந்த பொட்டு அடுத்த வரிக்கு இறங்கியது. அவர் கண் அதையே பார்த்துக்கொண்டிருந்தது. துடைப்பத்தை ஓசைப்படாமல் சுவரில் சாய்த்துவிட்டு நானும் நின்றேன்.