ஆலாபனைக்குத் தாளம்

நானும் என் கணவரும் ஊர் ஊராகப் போய் வாசிக்கிறவர்கள். எனக்கு வயலின், அவருக்கு மிருதங்கம். காரில் சண்டை போட்டுக்கொண்டு போனாலும் மேடையில் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தாக வேண்டும், அதனால்தான் எங்கள் கல்யாணம் ஓடுகிறது என்று அவர் எல்லாரிடமும் சொல்வார். அந்தக் கார்த்திகையில் சித்தூரில் ஒரு கச்சேரி, மறுநாள் சாயங்காலம் திருப்பதியில் ஒன்று என்று அமைந்தது. போகும் வழியில் நகரி. என் பெற்றோர் இருப்பது அங்கேதான். திருமலைக்குக் கூட்டிப்போகிறேன் என்று அவர்களிடம் பல வருடமாக வாயாலேயே வடை சுட்டுக்கொண்டிருந்தேன். இந்த முறை இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டேன். ஏற்றும்போது என்னைப் பற்றி எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்போம். நைனா பாதி ஆயுளை விசைத்தறி ஷெட்டில் கழித்தவர். அம்மா அதே ஷெட்டில் நூல் சுற்றிக் கொடுத்தவள். எனக்குப் பாட்டு வரும் என்று பள்ளிக்கூடத்தில் யாரோ சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, நைனா ஞாயிறு தவறாமல் என்னை ரயிலேற்றித் திருத்தணியில் வயலின் வகுப்புக்குக் கொண்டுபோவார். நான் உள்ளே இருப்பேன். அவர் வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வாத்தியார் போடும் தாளத்தை ஜன்னல் வழியாகப் பார்த்துத் தானும் போடுவார். ஆதி தாளம் எனக்குப் படிவதற்கு முன் அவருக்குப் படிந்துவிட்டது.

சித்தூரில் நைனா முதல் வரிசையில் நடுநாயகமாக உட்கார்ந்தார். கல்யாணத்துக்கு மட்டும் எடுக்கிற பட்டுக்கரை வேட்டி. வாசலிலேயே கச்சேரி ஏற்பாடு செய்தவர்களைப் பிடித்து, வாசிக்கப்போவது தன் பெண் என்று தெலுங்கில் சொல்லி முடித்திருந்தார். நான் ஒரு வர்ணத்தை வாசித்துவிட்டுக் கல்யாணியை ஆலாபனை செய்ய ஆரம்பித்தேன். ஆலாபனைக்குத் தாளம் கிடையாது. ராகத்தை அதன் போக்கில் விட்டுவிட்டுக் கூடவே போகிற நேரம் அது. மிருதங்கக்காரர்கூடக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் முதல் வரிசையில் 'தட்' என்று ஒரு சத்தம். நைனா தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். தட்டி, விரலை எண்ணி, தட்டி, திருப்பி, சுத்தமான ஆதி தாளம்.

பின்னால் இருந்த இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கணவர் உதட்டைக் கடித்துக்கொண்டு மிருதங்கத்தைக் குனிந்து பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பாட்டுக்கு வந்த பிறகாவது சரியாகும் என்று பார்த்தால், அங்கேயும் ஒரு மயிரிழை பின்னால். பக்கத்தில் இருந்தவர் கை இறங்கிய பிறகு நைனா கை இறங்கியது. மேடையில் இருக்கிறவளுக்கு எதிரே தப்பாக விழுகிற ஒரு கையைப் போல எரிச்சல் மூட்டுவது வேறொன்றும் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருடம் கூடவே இருந்தவருக்கு இதுகூடவா தெரியாது, பெண்ணைப் பெற்ற பெருமையை ஊருக்குக் காட்டுகிறார் என்று முடிவு கட்டினேன். முடிவு கட்டுவதில் நான் எப்போதும் கெட்டிக்காரி.

மறுநாள் காலை திருப்பதிக்குக் கிளம்பும்போது நல்ல மழை. கணவர் ஓட்ட, நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லாமல், எதிரே வைப்பர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "நைனா, இன்னிக்கி கச்சேரில நீ பின்னாடி உக்காந்துக்கோ. முன்னாடி வேணாம்."

பதில் இல்லை. கோபம் போலிருக்கிறது என்று நினைத்தேன். எனக்கும் ஏறியது. இன்னும் உரக்க, இன்னும் கறாராக அதையே இன்னொரு தரம் சொன்னேன். அப்போதும் அவர் பேசவில்லை. திரும்பிப் பார்த்தால், அம்மா அவர் முழங்காலைத் தொட்டு, அவர் பக்கம் திரும்பி மெதுவாக எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். சமாதானப்படுத்துகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். நான் சொன்னதை நான் சொன்ன மாதிரியே அவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலையை அவள் செய்துகொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியாது.

நைனா என்னைப் பார்த்தார். "பின்னாடி உக்காந்தா ஒன்னும் தெரியாதே மா" என்றார்.

"தெரியாட்டி இன்னா நைனா? அங்கயும் ஸ்பீக்கர் வெச்சிருப்பாங்க. நல்லா கேக்கும்" என்றேன், சிரித்துக்கொண்டே.

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமாம்மா. கேக்கும்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திருமலைக்குப் போக முடியவில்லை. மலைப்பாதையில் கல் சரிந்திருக்கிறது, வண்டிகளை நிறுத்தி நிறுத்தி விடுகிறார்கள் என்றார்கள். மேலே போய் மாட்டிக்கொண்டால் சாயங்காலம் கச்சேரி அவ்வளவுதான் என்றார் கணவர். நானும் தலையாட்டினேன். கீழே இருந்தே கும்பிட்டுக்கலாம், அவரு எங்க போயிடப் போறாரு என்று அம்மா மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மலை இருந்த இடத்தில் மேகம்தான் இருந்தது. கூட்டிவந்ததற்கு எதையாவது காட்டியாக வேண்டுமே என்று அடிவாரத்தில் இருக்கும் கபில தீர்த்த அருவிக்கு வண்டியை விட்டோம்.

வெயில் காலத்தில் அங்கே பாறையில் ஈரம் மட்டும்தான் இருக்கும். அன்று மலையே இறங்கி வருகிற மாதிரி தண்ணீர், செம்மண் நிறத்தில். குளத்தில் யாரையும் இறங்க விடாமல் கயிறு கட்டியிருந்தார்கள். அருவிச் சத்தத்தில் கணவர் என் காதருகே வந்து கத்தியும் எனக்கு ஒரு வார்த்தை விளங்கவில்லை. நான் பதிலுக்குக் கத்தினேன். கத்திக் கத்தித் தொண்டை எரிந்ததுதான் மிச்சம்.

அப்போதுதான் பார்த்தேன். நைனா குடையோடு கயிற்றோரம் நின்றிருந்தார். அம்மா மறுபக்கம் மண்டபத்துக்குள் ஒதுங்கியிருந்தாள். நடுவே அத்தனை கூட்டம், அத்தனை சத்தம். இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். கத்தவில்லை, கையை ஆட்டவில்லை. அம்மாவின் உதடு அசைந்தது. நைனா சிரித்தார். அவர் உதடு அசைந்தது. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டாள். அந்த இடத்தில் நிம்மதியாகக் கதை பேசிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள் இருவர் மட்டும்தான்.

தறி ஷெட் எனக்கு ஞாபகம் வந்தது. சின்ன வயதில் சோறு எடுத்துக்கொண்டு போவேன். எல்லாத் தறியும் ஓடும்போது காதுக்குள் பேசினாலும் கேட்காது. அதனால் அங்கே யாரும் குரலைச் செலவழிக்க மாட்டார்கள். வாயை மட்டும் அசைப்பார்கள், இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிக்கு. ஊர்வம்பு, கேலி, எல்லாம் அப்படித்தான். எனக்கு அது வராது. காது கெட்டுவிடும், பிடில் வாசிக்கிற பிள்ளை இங்கே நிற்கக் கூடாது என்று சோற்றுத் தூக்கை வாங்கிக்கொண்டு நைனா என்னை உடனே விரட்டிவிடுவார். பஞ்சு அடைத்துக்கொள் என்று அவருக்குச் சொல்ல யாரும் இருக்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

காரில் ஏறியதும், திரும்பாமல், முன்னால் பார்த்துக்கொண்டே மெல்லக் கூப்பிட்டேன்: "நைனா." கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தரம் கூப்பிட்டேன். அம்மாவின் கை அவர் முழங்காலுக்குப் போவதைப் பார்த்தேன். வேண்டாம் என்று தலையாட்டினேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள். கண்ணாடிக்குள் அவள் கண்ணும் என் கண்ணும் சந்தித்தன. நான்தான் முதலில் கண்ணை விலக்கிக்கொண்டேன்.

மத்தியானம் சாப்பிட்ட இடத்தில் நைனாவும் கணவரும் கை கழுவப் போனபோது அம்மாவே சொன்னாள். "ரொம்ப நாளாச்சு. முதல்ல ஒரு காது, அப்பறம் ரெண்டும். மிஷினு வெச்சிப் பாத்தாரு, எல்லாம் இரைச்சலா கீதுன்னு கழட்டிப் போட்டுட்டாரு. உங்கிட்ட சொன்னா நீ வாசிக்கறத உட்டுட்டு இவருக்காக அழுதுக்கினு இருப்பன்னு சொல்ல உடல. தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதடி."

அப்படியானால் நேற்று என்று ஆரம்பித்தேன்.

"உன் கைய பாத்துக்கினு இருப்பாரு. வில்லு போறத பாத்தா இன்ன பாட்டுன்னு தெரிஞ்சிடும்பாரு. பக்கத்துல இருக்கறவங்க கைய பாத்துத் தாளம் போடுவாரு. நேத்து நீ ஆரம்பிச்சதும் பாட்டுன்னு நெனச்சிக்கினாரு போல" என்றாள். அவருடைய காது போன காசில்தான் என்னுடைய காது பழகியது. அந்தக் காதை வைத்துக்கொண்டு அவர் கை பின்தங்குகிறது என்று கண்டுபிடித்தேன்.

நைனா வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் நேராக அவர் முகத்தைப் பார்த்து, அவசரமில்லாமல் சொன்னேன், முன்னாலேயே உட்காரு நைனா, நான் காலையில் சும்மா சொன்னேன் என்று. அவர் சிரித்தார். வேண்டாம், முன்னால் பெரிய மனுஷர்கள் வருவார்கள், பின்னால்தான் காலை நீட்டச் சௌகரியம் என்றார். வருத்தம் இருப்பதாகக் காட்டிக்கொள்ளவே இல்லை. மன்னித்துக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால் எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். இது எனக்கு வசதியான காரணமாகவும் அமைந்துவிட்டது. மோரை எடுத்துக் குடித்தேன்.

சாயங்காலமும் மழை விடவில்லை. மண்டபத்தில் முதல் வரிசை நாற்காலிகளில் துண்டு போட்டு இடம் பிடித்திருந்தார்கள். ஈரக்காற்றில் மிருதங்கம் சுருதியில் நிற்காமல் இறங்கிக்கொண்டே போனது. கணவர் தட்டித் தட்டிச் சேர்த்துக்கொண்டிருந்தார். நான் தலையைத் தூக்கிக் கூட்டத்துக்குள் தேடினேன். கடைசி வரிசையில் அம்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலி காலி. நைனா அதற்கும் பின்னால், சுவரோரம் குடையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். உட்கார்ந்தால் தலைகள் மறைக்கும். மறைக்காமல் இருக்க நின்றுகொண்டிருந்தார். காலை நீட்டச் சௌகரியம் என்று சொன்ன மனிதர்.

என்ன தோன்றியதோ, குரலே இல்லாமல் வாயை மட்டும் அசைத்தேன். நைனா, முன்னாடி வா. மேடை விளக்கு என் முகத்தில் இருந்தது. அவருக்கு அது போதும். அவர் முகம் மலர்ந்ததை அங்கிருந்தே பார்த்தேன். அவ்வளவு பெரிய மண்டபத்தில், அத்தனை பேருக்கு நடுவில், நான் அவரோடு ஷெட்டுப் பேச்சு பேசியது அதுதான் முதல் தடவை. அவரும் உடனே வாயை அசைத்து என்னவோ பதில் சொன்னார். நீளமாகவே சொன்னார். அம்மா திரும்பி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதுபோலத் தலையாட்டிவிட்டு வில்லை எடுத்தேன்.

அவர் முன்னால் வரவில்லை. ஆலாபனைக்குத் தாளம் போடவில்லை. எந்தப் பாட்டுக்கும் போடவில்லை. முடிகிறவரை இரண்டு கையும் குடைப்பிடியின் மேலேயே இருந்தன. ஒரு தடவையாவது அந்தக் கை தப்பாக விழாதா என்று நான் பார்த்துக்கொண்டே வாசித்தேன். நன்றாக அமைந்தது என்று எல்லாரும் வந்து சொன்னார்கள்.

நைனாவும் கணவரும் வாத்தியங்களை வண்டியில் வைத்துக்கொண்டிருந்தபோது, ஆரம்பிக்கும் முன் நைனா என்ன சொன்னார் என்று அம்மாவைக் கேட்டேன். அவள் உதறிக்கொண்டிருந்த குடையை மடக்கினாள்.

"இங்கயே நல்லா கேக்குதும்மா, நீ வாசின்னாரு."