ஊசிப்புள்ளி இல்லாத முகங்கள்

பம்பாய் குர்லா பட்டறையில் ஒரு மருந்துக்கடைப் பலகைக்கு எழுத்து எழுதிக்கொண்டிருந்தபோது சேதி வந்தது. ஆண்டாப் ஹில்லிலிருந்து பஸ் பிடித்து வந்த ஒருவர் வாசலில் நின்றபடியே, தன் பக்கத்து வீட்டுப் பெயின்டர் ஆவுடையப்பன் விடிகாலையில் போய்விட்டார் என்றார். பிரஷில் சிவப்பு இருந்தது. எழுத்து பாதியில் நின்றது. அதை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். முடிக்காமல் எழுந்திருந்தால் அவரே வைதிருப்பார்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தாராவியிலும் மாட்டுங்காவிலும் நம்மவர் கடைகளின் நெற்றியில் உட்கார்ந்திருக்கும் லட்சுமிகளில் பாதிப் பேரை வரைந்தவர் அவர். படத்துக்குக் கீழே கடைப்பெயரை எழுதியவன் நான். இருவரும் திருநெல்வேலிப் பக்கம்; ஒரே பட்டறையில் பதினான்கு வருஷம் முதுகோடு முதுகு உரச வேலை செய்தோம். என்னைவிட மூன்று வயது மூத்தவர்; அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். பேச்சு குறைவு, பேசினால் கிண்டல். சாக்குத்தூள் தடவிய நூலை இழுத்துச் சுண்டிக் கோடு விழவைக்காமல் நான் ஓர் எழுத்தும் எழுத மாட்டேன். அதைப் பார்த்து, “நூல் இல்லேன்னா உமக்கு உம்ம பேராவது எழுத வருமா வே?” என்பார்.

அந்தக் கிண்டலுக்கு அவருக்கே அருகதை இல்லாத காலம் ஒன்று இருந்தது. ஒரு தகரப் பெட்டி நிறைய டிரேசிங் தாள்கள் வைத்திருந்தார். லட்சுமி முகம், முருகன் முகம், தாமரை, அபயக்கை. எல்லாவற்றிலும் கோடு நெடுக ஊசியால் குத்திய துளைகள். தாளைப் பலகையில் ஒட்டி, துணியில் கட்டிய கரித்தூளால் தட்டினால் புள்ளிகள் இறங்கும். புள்ளிகளைச் சேர்த்தால் முகம். எந்தக் கடைக்குப் போனாலும் அதே மூக்கு, அதே புன்னகை. பெட்டிச் சாவி எப்போதும் அவருடைய அரைஞாணில் தொங்கும்.

பம்பாயில் டிராம் நின்றுபோன வருஷம், தங்கை கல்யாணத்துக்காக ஆனி மாதம் ஊருக்குப் போனார். பெட்டியையும் சாவியையும் என்னிடம் ஒப்படைத்து, பெஞ்சு மேலேயே இருக்கட்டும், மழைக்காலம், கீழே இறக்கிவிட வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னார். நான்காம் நாள் ஒரு துணிக்கடையின் நீளமான பலகை வந்தது. அதைக் கிடத்த இடம் வேண்டிப் பெட்டியைத் தரையில் இறக்கினேன். சாயங்காலம் மழை வலுத்து, வண்டி நின்றுவிடும் என்று யாரோ சொல்ல, விழுந்தடித்து ஸ்டேஷனுக்கு ஓடினேன். பெட்டியை மறந்தே போனேன். மூன்றாம் நாள் பட்டறைக்குள் நுழைய முடிந்தபோது தாள்கள் கூழாகியிருந்தன.

தண்ணீர் முழங்கால் அளவுதான் ஏறியிருந்தது. பெஞ்சுக்கு ஒரு சாண் கீழே, சுவரில் சேற்றுக்கோடு பளிச்சென்று தெரிந்தது. பட்டறை முதலாளி சேட் வருவதற்குள் ஒரு பெரிய தகரப் பலகையைத் தூக்கிக் கோட்டை மறைத்துச் சாய்த்து வைத்தேன். ஊரிலிருந்து வந்தவரிடம், தண்ணீர் பெஞ்சுக்கு மேலேயே ஏறிவிட்டது என்று கூசாமல் சொன்னேன். அவர் கூழை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தார்.

அந்த வெள்ளிக்கிழமைக்குள் தாராவியில் ஒரு மளிகைக்கடைக்கு லட்சுமி கொடுத்தாக வேண்டும். வெறும் வெள்ளைப் பலகைக்கு முன்னால் அரைநாள் நின்றார். அதைப் பார்க்க மாட்டாமல் நான் மூன்று தடவை பீடி வாங்கப் போனேன். மத்தியானம் ஒரு கண் வரைந்தார், அழித்தார். மறுநாள் பொழுது சாயும்போது முகம் வந்துவிட்டது. அகன்ற மூக்கு. சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிற உதடு. கடைக்கார அண்ணாச்சி வந்து வெகுநேரம் பார்த்தார். கடைசியில், “எங்க சித்தி கணக்கால்லா இருக்கா. இருக்கட்டும், கடைய நல்லாப் பாத்துக்கிடுவா” என்று எடுத்துப் போனார்.

எல்லாரும் அந்த மளிகைக்கடைக்காரரைப் போல இல்லை. காலண்டர் அச்சாபீஸ் ஒன்றுக்குப் பழைய மூக்கே வேண்டியிருந்தது. அங்கே வேலை நின்றது. வருமானம் குறைய, ஆவுடையப்பன் தாராவி வீட்டைக் காலி செய்துவிட்டு ஆண்டாப் ஹில்லில் சின்ன அறைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மாவே கல்யாண் வரை ரயிலில் போய், எதிரே உட்கார்ந்தவர்களின் முகங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். மனுஷனுக்குப் புத்தி பிசகிவிட்டது, நான்தான் காரணம் என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் கேட்டேன், இன்னும் பலகையைப் பார்த்தால் பயமா என்று.

“பயந்தான் வே. ஆனா இது என் பயம். தாளு இருந்தப்ப பயமும் கெடையாது, நானும் கெடையாது,” என்றார். “முன்ன தெரிஞ்ச மொகத்த வரைஞ்சேன். இப்ப வரைஞ்சு முடிச்ச பொறவுதான் யாருன்னு எனக்கே தெரியுது.”

அவர் சந்தோஷமாகச் சொன்னதை நான் புலம்பலாக எடுத்துக்கொண்டேன். குற்றமுள்ள காதுக்கு அப்படித்தான் கேட்கும்.

போன மாதம், நெஞ்சுச் சளி முற்றிப் படுத்திருக்கிறார் என்று பார்க்கப் போனேன். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மதினி டீ போட உள்ளே போனதும் எல்லாவற்றையும் கொட்டினேன்: பெட்டியை இறக்கியது, மறந்தது, பொய் சொன்னது. தலையணையை முதுகுக்கு இழுத்து வைத்துக்கொண்டு சொன்னார்:

“அந்தத் தகரத்த அஞ்சு வருசமா நகத்தாம வச்சிருக்கீரே, பின்னால என்னன்னு எனக்குத் தெரியாதா? வந்த அன்னைக்கே பாத்தாச்சு.”

ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன்.

“கேட்டா நீரு மன்னிப்புக் கேப்பீரு. நான் ஒமக்கு நன்றி சொல்லணும். ரெண்டு பேருக்கும் வேல ஓடாது.” இருமி முடித்து மெதுவாகச் சொன்னார்: “அந்தப் பெட்டியத் தூக்கி எறியணும்னு நானே எத்தன மட்டம் நெனச்சிருக்கேன் தெரியுமா. கை வரல வே.”

டீ கொண்டு வந்த மதினி, நாங்கள் இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பதைப் பார்த்து ஒன்றும் புரியாமல் நின்றார். அன்று வீட்டுக்கு நடந்தே வந்தேன். உடம்பு அவ்வளவு லேசாக இருந்தது. மூன்றே நாளில் சேதி வந்துவிட்டது. அழுதேன். ஆனால் அழுகையைவிட நிம்மதிதான் அதிகம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, சொல்லாமலும் இருக்க முடியவில்லை. அந்தப் பொய்யோடு அவருக்குத் தோள் கொடுக்கும்படி ஆகியிருந்தால் நான் தாங்கியிருக்க மாட்டேன்.

காரியம் முடிந்து பட்டறைக்குத் திரும்பினேன். முதல் வேலையாக அந்தத் தகரத்தை எடுத்தேன். கோடு அங்கேயே இருந்தது, பெஞ்சுக்கு ஒரு சாண் கீழே. அவர் கடைசியாக முடித்த லட்சுமி பெஞ்சின்மேல் காய்ந்திருந்தாள். கீழே கடைப்பெயர் பாக்கி. எங்கேயோ கல்யாண் வண்டியில் ஏறி உட்கார்ந்த ஒருத்தியின் கண் அவளுக்கு. பழக்கத்தில் நூலை எடுத்தேன். எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு, பிரஷை நனைத்து எழுதினேன். கடைசி எழுத்து ஒரு விரற்கடை மேலேறி, அவள் பாதத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. அழிக்கவில்லை.

நூல் இல்லாமல் எழுதிவிட்டேன், அண்ணாச்சி. போய் வாரும்.